அம்பாபாய் நிறுத்திய பாட்டு

இந்துஸ்தானி இசையில் ஆண் முஸ்லிமாக இருந்தால் உஸ்தாத் ஆகிவிடுகிறான், இந்துவாக இருந்தால் பண்டிட் ஆகிவிடுகிறான். கேசர்பாயும் மோகூபாயும் மட்டும் எத்தனை உயரம் போனாலும் 'பாய்'களாகவே நின்றுவிடுகிறார்கள் என்று கங்குபாய் ஹங்கல் ஒருமுறை சொன்னார். மராத்தியிலும் கன்னடத்திலும் 'பாய்' மரியாதைச் சொல்தான், நம் 'அம்மா' போல. மேடையில் ஏறியதும் அதே சொல் அவள் எந்த வீட்டுப் பெண் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பலர் அதை உதறினார்கள். அக்தரிபாய் ஃபைசாபாதி 1945இல் ஒரு பாரிஸ்டரை மணந்து பேகம் அக்தர் ஆனார். கங்குபாய் கடைசிவரை கங்குபாயாகவே இருந்தார்.

1913 மார்ச் 5 அன்று தார்வாடில் பிறந்தவர். அப்பா சிக்குராவ் நாடிகர். அம்மா அம்பாபாய், கர்நாடக இசைப் பாடகி. பெயரில் அப்பாவும் இல்லை, பின்னால் வந்த கணவரும் இல்லை. ஹங்கல் என்பது முன்னோரின் ஊர். பாடும் மரபில் வந்த பெண்களின் பெயர்களை இப்படிப் பிரித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். எம்.எஸ். என்பதில் எம் மதுரை, எஸ் சண்முகவடிவு. இதை வகுப்பில் சொன்னால் மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இனிஷியல் என்றால் அப்பா என்றே அவர்களுக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். அந்த ஊரின் பெருங்கவிஞர் ஆண்டாளுக்கோ தாயே கிடையாது. துளசித் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட அவள், தன் பாடல்களின் முத்திரையில் தன்னைப் பெரியாழ்வாரின் மகளாகச் சொல்லிக்கொள்கிறாள். தாய்ப்பெயர் ஒரு பெண்ணின் முகவரியாக இருக்கமுடியும் என்பதற்கு நாம் மதுரைக்கோ தார்வாடுக்கோதான் போகவேண்டியிருக்கிறது.

தார்வாடில் அவர்கள் வீடு பிராமணர்கள் வாழ்ந்த தெருவில் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மாங்காய் பறித்ததற்காகச் சிறுமி கங்கு வசவு வாங்கினாள். திருட்டைவிட, ஒரு பாட்டுக்காரியின் மகள் தோட்டத்துக்குள் கால்வைத்ததுதான் அவர்களைச் சுட்டது. பிற்காலத்தில் அதே மனிதர்கள் தன்னை விருந்துக்கு அழைத்ததை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். 1924இல் காந்தி தலைமைதாங்கிய பெல்காம் காங்கிரஸில் வரவேற்புப் பாடல் பாடியபோது வயது 11. மேடையைவிட, சாப்பாட்டுப் பந்தியில் தன்னைத் தனியே உட்காரவைப்பார்களோ, எச்சில் இலை எடுக்கச் சொல்வார்களோ என்பதே அன்று அவருடைய பயம்.

ஆனால் நான் எழுத வந்தது அம்பாபாயைப் பற்றி. கிரானா கரானாவின் பெருங்கலைஞர் அப்துல் கரீம் கான் தார்வாட் வந்தால் அம்பாபாயின் பாட்டைக் கேட்க வீட்டுக்கே வருவாராம். (1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் நம் சிங்கப்பெருமாள்கோவில் ரயில் நிலையத்தில் உயிர்விட்டாரே, அவர்தான்.) அப்படிப்பட்ட ஒரு தாயின் மகள், தெருவில் கிராமபோன் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினாள், ஜோராபாய் ஆக்ரேவாலியின் குரலில் மயங்கினாள். மகளுடைய நாட்டம் இந்துஸ்தானி பக்கம் என்று தெரிந்ததும் அம்பாபாய் தன் கர்நாடக இசையைப் பாடுவதை நிறுத்திக்கொண்டார். மகளின் காதில் இரண்டு முறைகளும் கலந்துவிடக் கூடாதாம். கங்குபாயைப் பற்றிய கட்டுரைகள் இதை 'தாயின் தியாகம்' என்று ஒரு வரியில் கடந்துவிடும். எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. அப்துல் கரீம் கானே தேடி வந்து கேட்ட ஒரு பாட்டு நின்றுபோனதைப் பற்றி இசை வரலாறு துக்கப்பட்டதில்லை. ஒரு கரானாவின் ஆண் தன் பாணியைக் கைவிட்டிருந்தால் அதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருப்பார்கள்.

குரு சவாய் கந்தர்வா குந்த்கோலில் இருந்தார். ஹூப்ளியிலிருந்து ரயிலில் போய், பாடம் கேட்டு, இரவில் திரும்பவேண்டும். ஸ்டேஷனிலும் தெருவிலும் 'பாட்டுக்காரி போகிறாள்' என்ற பேச்சு காதில் விழும். உடன் படித்த இளைஞர் பீம்சேன் ஜோஷி ஸ்டேஷன்வரை துணைக்கு வருவார். ராஜபாளையம் நூற்பாலைகளில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் இந்தப் பேச்சை இன்றும் கேட்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்ணின் நேரத்தை ஊர் கணக்கெடுப்பது நின்றபாடில்லை.

16 வயதில் குருராவ் கௌல்கி என்ற பிராமண வழக்கறிஞரோடு வாழ்க்கை அமைந்தது. இரண்டு மகன்கள், ஒரு மகள். குடும்பத்தைத் தாங்கியது பெரும்பாலும் கங்குபாயின் கச்சேரி வருமானம்தான். இதற்குமேல் அந்த உறவைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

குரலைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. 1930களில் 'காந்தாரி ஹங்கல்' என்ற பெயரில் வந்த இசைத்தட்டுகளில் கேட்பது மெல்லிய, உச்சமான பெண்குரல். டான்சில் சிகிச்சைக்குப் பிறகு அது இறங்கியது, கனத்தது. பிற்காலப் பதிவு ஒன்றை வகுப்பில் போட்டேன். "ஆம்பளையா மேடம் பாடுறது?" என்றாள் ஒருத்தி. அன்றைய ரசிகர்களும் அதையேதான் கேட்டிருப்பார்கள். அந்தக் குரலை மெலிதாக்கிக் கெஞ்சவைக்காமல், அதன் கனத்திலேயே ராகத்தை ஒவ்வொரு ஸ்வரமாக, அவசரமே இல்லாமல் எழுப்பினார் கங்குபாய். இனிமை என்று பெண்ணிடம் எதிர்பார்க்கப்படுவதைத் தராமலே அவர் பெரிய பாடகி ஆனார்.

அவர் விட்டதும் உண்டு. இளமையில் பாடிய மெல்லிசையையும் தும்ரியையும் ஒதுக்கிவிட்டு, கயாலை மட்டும் பாடினார். இது ஒரு கலைஞரின் தேர்வு என்பது ஒரு பக்கம். காலத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1934இல் பம்பாய் மாகாணத்திலும் 1947இல் சென்னை மாகாணத்திலும் தேவதாசிச் சட்டங்கள் வந்தன. பட்டேல் தகவல் ஒலிபரப்புத் துறையைப் பார்த்தபோது, சொந்த வாழ்க்கை ஊர்ப்பேச்சாக இருக்கும் பாடகிகளுக்கு வானொலியின் கதவு சாத்தப்பட்டது. தும்ரியில் காதல் இருக்கிறது, அபிநயம் இருக்கிறது, கோட்டை இருக்கிறது. கயாலில் ராகம்தான் முன்னால் நிற்கும், பாடுபவளின் உடல் பின்னால் போய்விடும். தெற்கே எம்.எஸ். பக்தியின் வழியே நடந்த தூரத்தை வடக்கே கங்குபாய் ராகத்தின் வழியே நடந்தார் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் வழியில் எதையோ இறக்கிவைத்துவிட்டுத்தான் போனார்கள்.

விருதுகள் வந்தன: 1971இல் பத்மபூஷண், 1973இல் சங்கீத நாடக அகாதெமி, 2002இல் பத்மவிபூஷண். 2009 ஜூலை 21 அன்று ஹூப்ளியில் இறந்தார். கண்களைத் தானம் செய்திருந்தார்.

அவருக்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், 2004இல், மகள் கிருஷ்ணா போய்விட்டார். பல ஆண்டுகள் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து உடன் பாடியவர். பதிவுகளில் கங்குபாயின் கீழ்க்குரல் ஓய்வெடுக்கும் இடத்தில் மேலே ஒரு மெல்லிய குரல் எழும், ராகத்தை ஒரு கணம் பிடித்து நிறுத்தும், மறுபடி அம்மாவிடமே கொடுத்துவிடும். கச்சேரி முழுக்கத் தானே பாடுவதற்கான குரல்தான் அது. அதை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்க ஒருநாள் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் தொடர்ச்சியாக எங்கும் கிடைக்கவில்லை.