கருவும் சட்டமும்

1860-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியினர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நோக்கமின்றிக் கருவைக் கலைப்பவரைத் தண்டித்தது. தன் கருவைத் தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் அதன்படி குற்றவாளியே. தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணியில் உப்பளத்தில் உழைத்துக் களைத்த ஒருத்தி, இன்னொரு பிள்ளையைத் தாங்க இயலாளெனின், மறைவாக மருந்து தேடுவதன்றி அவளுக்கு வேறு வழியில்லாதிருந்தது.

இங்ஙனம் மறைவில் மாண்ட தாய்மார் பலர். 1964-இல் அரசு சாந்திலால் ஷா தலைமையில் குழுவொன்றை அமைத்தது. அதன் பயனாக 1971-இல் கருக்கலைப்புச் சட்டம் பிறந்து, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதமே போதும். கணவன் கையொப்பம் வேண்டுவதில்லை. இதனை இன்றும் பலர் அறியார்!

ஆயினும் திறவுகோல் அவளிடம் இல்லை. மருத்துவரின் கருத்திலேயே இருக்கிறது. பெரியார் 1930-களிலேயே கர்ப்பத்தடையைப் பெண்ணின் விடுதலைக்காக வேண்டினார். சட்டமோ பெரும்பாலும் அவளது நலிவையே கேட்டது. கருத்தடை பொய்த்ததென்னும் காரணமும் மணமானவளுக்கே உரியதாயிற்று. அவ்வரம்பை 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. 24 வாரம் வரையுள்ள வாய்ப்பு மணமாகாதவர்க்கும் உண்டென 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய 312-ஆம் பிரிவோ, 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் 88-ஆம் பிரிவாக நிற்கிறது.