சாவைத் தொட்ட கைகள்

சாவுச் சேதி சொல்வது, குழி வெட்டுவது, பிணம் எரிப்பது எல்லாம் சேரியின் தலையில் சாதி கட்டிய வேலை. ஆஸ்பத்திரி வந்தபோது பிணவறையும் பெரும்பாலும் அதே கைகளுக்கே வந்தது. அந்தக் கைகளுக்குப் பின்னால் ஒரு மனசு உண்டா என்று எந்த வரலாறும் கேட்கவில்லை.

திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் ரோட்டில் அடிபட்டது, கிணற்றில் மிதந்தது, பட்டாசில் கருகியது எல்லாம் தூக்கியவர் என் சித்தப்பா. 2012 செப்டம்பரில் சிவகாசி பக்கம் முதலிப்பட்டி ஆலை வெடித்து 30 பேருக்கு மேல் மாண்ட சேதி வந்த ராத்திரி, "சோத்துல கை வச்சா கருகின வாடை அடிக்குதுடா" என்று தட்டைத் தள்ளினார்.

பிறர் துயரம் கேட்டுக் கேட்டு மனநல ஆலோசகர்களுக்கு வரும் காயத்தைப் பற்றி 1990-ல் அமெரிக்காவில் மெக்கான், பெர்ல்மன் இருவரும் எழுதினார்கள். 2013-ல் அந்நாட்டு மனநோய்க் கையேடு, மனித உடல் எச்சங்களைப் பொறுக்கும் மீட்புப் பணியாளரையும் எடுத்துக்காட்டாய்ச் சேர்த்தது. அங்கே அது வேலையில் பட்ட காயம். இங்கே பிறப்பிலேயே வந்த பழக்கமாம்!

"அவனுக்குப் பழகியிருக்கும்" என்பதுதான் சாதி தரும் வைத்தியம். பிணத்தை அறுக்குமுன் குவார்ட்டர் வாங்கிக் கொடுத்தவர்களே பிறகு 'குடிகாரப் பய' என்றார்கள். சித்தப்பா கேட்டது வேறு: மாத்தி விட ஒரு ஆள், மறுநாள் லீவு, உக்காந்து கேக்க ஒரு காது. நிவாரணம் கேட்டு மனு எழுதும் தோழர்களே, இந்த மூன்றையும் அதில் சேருங்கள்.