தாத்தா வாயசைக்கிறாரு, சத்தம் வரலை

இது கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் டெக்னிக்கல், கொஞ்சம் குடும்பக் கதை. கொசுவத்தியைச் சுத்திக்கிட்டே படிங்க.

எங்க ஆயா வீடு மாதவரம் பால்பண்ணைப் பக்கம். அவங்களுக்கு ஸ்மார்ட் போன், யூட்யூப் எதுவும் ஆகாது. ஒரு பழைய டிவிடி ப்ளேயர், அதுக்கு ஒரு ரிமோட், அவ்வளவுதான் உலகம். போன பொங்கலுக்குப் போனப்போ, "உங்கம்மா கல்யாணக் கேசட்டைப் பாக்கணும்டா கண்ணு" என்றார்கள். 1994ல் நடந்த கல்யாணம். கேசட்டை என் மாமா எப்பவோ கம்ப்யூட்டரில் ஏற்றி ஏவிஐ ஃபைலாக வைத்திருந்தார். இதென்ன பெரிய விஷயம், சாயங்காலத்துக்குள்ள டிவிடி போட்டுத் தரேன்னு வீராப்பா சொல்லிட்டேன்.

அந்தக் காலத்து கல்யாண வீடியோ தெரியுமில்ல? ஸ்டுடியோக்காரர் மொத்தப் படத்துக்கும் மேல சினிமாப் பாட்டை ஏத்திடுவார். மேளம், சிரிப்பு, பேச்சு எல்லாம் காலி. எங்க கேசட்டில் ஒரே ஒரு இடம் தப்பிச்சுது. தாத்தா மைக்கைப் பிடிச்சு ஒரு நிமிஷத்துக்கும் குறைவா பேசுவார். அவர் குரல்னு எங்ககிட்ட இருக்கறது அது மட்டும்தான். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார்.

டிவிடி போட்டாச்சு. படம் வந்தது. தாத்தா மைக்கைப் பிடிச்சார். ஆயா கிட்டப் போய் உக்காந்தாங்க.

"டேய், உங்க தாத்தா வாயசைக்கிறாரு. சத்தம் வரலையேடா?"

அதே டிஸ்க் என் லேப்டாப்பில் நல்லாவே பேசுது. ப்ளேயரில் மட்டும் ஊமை. சாஃப்ட்வேர் இன்ஜினியர்னு பேரு, மானம் போச்சு :-( ஏன் இப்படின்னு தோண்ட ஆரம்பிச்சதில் கிடைச்சதுதான் கீழே.

படம் வேற, சத்தம் வேற

படமும் சத்தமும் ஒரே பொருள்னு நமக்கு நினைப்பு. எந்தக் காலத்திலும் அப்படி இல்லை. 1927ல் வந்த 'தி ஜாஸ் சிங்கர்' படத்துக்கு சத்தம் தனியா இசைத்தட்டில் இருந்தது. தட்டும் ப்ரொஜெக்டரும் சேர்ந்து சுத்தணும், ஊசி கொஞ்சம் துள்ளினாலும் பேச்சு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். அப்புறம் சத்தத்தை ஃபிலிமோட ஓரத்திலேயே ஒளிக்கோடா பதிச்சாங்க. அப்பவும் ஒரு காட்சிக்கான சத்தம் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இருக்காது, சுமார் 20 ஃப்ரேம் தள்ளித்தான் இருக்கும். ஏன்னா ப்ரொஜெக்டரில் லென்ஸ் ஒரு இடம், சத்தம் படிக்கிற தலை இன்னொரு இடம்.

நம்ம முதல் தமிழ் பேசும்படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31ல் நம்ம வட சென்னை கினிமா சென்ட்ரலில்தான் ரிலீஸ் (பின்னாடி முருகன் டாக்கீஸ் ஆன தியேட்டர்). டி.பி.ராஜலட்சுமி பேசிய அந்தப் படத்தோட பிரதி இன்னிக்கு ஒன்னுகூட இல்லை. முதல் பேச்சே தொலைஞ்சு போச்சு.

விஹெச்எஸ் கேசட்டும் இதே கதைதான். படத்தை ஒரு சுத்துற உருளை டேப்பில் சாய்வா எழுதும். சத்தத்தை வேற ஒரு அசையாத தலை ஓரமா ஒரு மெல்லிய பட்டையில் எழுதும். வெளியே வரும்போதும் தனித்தனி ஒயர்தான், மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. கேசட்டை மாத்தும்போது மஞ்சளை மட்டும் சொருகிட்டு சத்தத்தைக் கோட்டை விட்டவங்க நிறைய பேர். மாமா அந்தத் தப்பு பண்ணலை. அப்ப பிரச்சினை எங்கிட்டதான்.

டிபன் கேரியர்

ஏவிஐ என்பது 1992ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அது ஒரு டிபன் கேரியர் மாதிரி. ஒரு அடுக்கில் படம், ஒரு அடுக்கில் சத்தம். சத்த அடுக்கு மேல ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். ஹெக்ஸில் 55னா எம்பி3, 2000னா டால்பி ஏசி-3. கம்ப்யூட்டர் அந்த நம்பரைப் பார்த்து, தகுந்த ஆளைக் கூப்பிட்டுப் பிரிக்கும். இல்லாட்டி புதுசா ஒரு ஆளை இன்ஸ்டால் பண்ணிக்கலாம்.

பழைய டிவிடி ப்ளேயர் அப்படி இல்லை. 1996ல் கம்பெனிகள் எல்லாம் உக்காந்து பேசி முடிச்ச ஒப்பந்தம் என்னவோ அதுதான் சிப்புக்குள்ள இருக்கு. டிவிடி படத்தில் இருக்க வேண்டிய சத்தம்: சுருக்காத பிசிஎம், ஏசி-3, எம்பெக் ஆடியோ (நாம எம்பி2ன்னு சொல்றது), விருப்பப்பட்டா டிடிஎஸ். லிஸ்டில் எம்பி3 கிடையாது.

இந்த லிஸ்டுக்குப் பின்னாடியும் ஒரு சண்டை. அமெரிக்கா, ஜப்பானோட டிவி முறை என்டிஎஸ்சி, அங்க ஏசி-3. நம்ம ஊர், ஐரோப்பாவெல்லாம் பால். (மாதவரத்துக்காரன் பால்னு சொன்னா வேற நினைப்பு வரும், இது டிவி முறைங்க :-)) பால் டிஸ்கில் எம்பெக் சத்தமோ பிசிஎம்மோ கண்டிப்பா இருக்கணும்னு முதல் விதி. ஃபிலிப்ஸ் அதுக்காக முட்டி மோதுச்சு. ஆனா பல சேனல் எம்பெக்குக்குப் போதுமான கருவிகளே வந்து சேரலை. 1997 டிசம்பரில் விதியைத் திருத்தி, பால் டிஸ்கிலும் ஏசி-3 மட்டும் இருந்தாப் போதும்னு சொல்லிட்டாங்க. டால்பி ஜெயிச்சது இப்படித்தான். நமக்கு அதில் கிடைக்கிற பாடம்: எம்பி2 போட்டா நம்ம ஊர் ப்ளேயரில் பேசும், அமெரிக்காவில் இருக்கற சித்தப்பா ப்ளேயரில் பேசணும்னு கட்டாயம் இல்லை. ஏசி-3 போட்டா ரெண்டு ஊரிலும் பேசும்.

நான் எம்பி2தான் போட்டிருந்தேன். அப்புறம் ஏன் ஊமை?

44,100ம் 48,000ம்

வில்லன் இங்கதான் ஒளிஞ்சிருந்தான். டிஜிட்டல் சத்தம்னா ஒரு விநாடியை இத்தனை துண்டா அளந்து எழுதறது. ஆடியோ சிடியில் 44,100 துண்டு. இதென்ன கோணல் நம்பர்? சிடிக்கு முன்னாடி டிஜிட்டல் சத்தத்தைப் பதிய வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினாங்க. திரையோட ஒவ்வொரு கோட்டிலும் 3 துண்டு. என்டிஎஸ்சியில் 245 கோடு x 3 x 60 = 44,100. பாலில் 294 x 3 x 50 = 44,100. ரெண்டு ஊருக்கும் ஒரே விடை! சத்தம் படத்தோட முதுகில் சவாரி செஞ்ச காலத்துத் தழும்பு அது. சிடி வந்து நாப்பது வருஷம் தாண்டியும் போகலை.

தொழில்முறை வீடியோக்காரங்க 48,000க்குப் போனாங்க. டிவிடியும் அதையே எடுத்துக்கிச்சு. நடுவில் 1993ல் வந்த விசிடி மட்டும் சிடியோட தம்பி என்பதால் 44,100லேயே நின்னுது. நம்ம ஊர் விசிடி தேசம் ஆச்சே! 74 நிமிஷம்தான் கொள்ளும், பாதிப் படத்தில் எழுந்து தட்டை மாத்தணும். 2007ல் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கினப்பகூட ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் வித்துது. (2018ல் அந்தக் கம்பெனியையே கலைக்க உத்தரவாயிடுச்சு.)

மாமா ஃபைலில் சத்தம் எம்பி3, 44,100. நான் மாத்தும்போது எம்பி2 ஆக்கினேன், அளவை மாத்தச் சொல்லலை. மென்பொருள் அப்படியே 44,100லேயே விட்டுடுச்சு. கடைசியில் ஒரு எச்சரிக்கை ஓடினது உண்மை. வார்னிங்தானேன்னு விட்டுட்டேன். ஆபீஸ் பழக்கம் ;-) லேப்டாப் எதையும் அனுசரிச்சுப் போகும். ப்ளேயர் ஒப்பந்தத்தில் இல்லாததைக் கண்டா கரகரன்னு கத்தாம, வாயை மூடிக்கும். அதான் தாத்தா ஊமை.

சரி பண்ணின விதம்

நாளைக்கு உங்களுக்கும் உதவலாம், வரிசையா சொல்றேன்.

1. வேற கடையில் வாங்கின டிவிடியைப் போட்டுப் பாருங்க. அதிலும் சத்தம் இல்லைன்னா ஒயர், இல்லாட்டி ப்ளேயர் செட்டிங். டிஜிட்டல் அவுட் 'ரா'வில் இருந்தா 'பிசிஎம்' ஆக்குங்க.

2. ஃபைலின் சத்தம் என்ன வகை, எத்தனை துண்டுன்னு பாருங்க. விஎல்சியிலேயே கோடெக் விவரம் தெரியும்.

3. எம்பி3 ஏற்ற இறக்க பிட்ரேட்டில் இருந்தா முதலில் வேவ் ஃபைல் ஆக்கிடுங்க. இல்லாட்டி போகப் போக உதடும் பேச்சும் விலகும்.

4. 48,000, ஏசி-3, 192 கிலோபிட். கல்யாண கேசட்டுக்கு இது தாராளம். எஃப்எஃப்எம்பெக்கில் 'டார்கெட் பால்-டிவிடி' என்று சொன்னா படம், சத்தம் ரெண்டையும் அதுவே ஒழுங்கு பண்ணிடும். ஏசி-3யோட காப்புரிமையும் 2017ல் முடிஞ்சு போச்சு.

5. ஒரு டிஸ்க் எரிக்கறதுக்கு முன்னாடி வார்னிங்கைப் படிங்க. (இது எனக்கு.)

ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டாவது டிஸ்க். பாட்டு நின்னுது. மைக் ஒரு தடவை கீச்சுன்னுது. அப்புறம் தாத்தா, "எல்லாரும் சாப்ட்டுத்தான் போவணும். யாரும் சொல்லிக்காம போயிடாதீங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சே. நான் முதல் தடவையா ஆயாவைப் பக்கத்தில் வச்சுக்கிட்டு அதைக் கேட்டேன்.

ஆயா ஒன்னும் பேசலை. முந்தானையை எடுத்துக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "இன்னொரு தபா போடு" என்றார்கள்.

அன்னிக்கு ஏழு தபா போட்டேன்.

டிஸ்கி: விசிஆர் தயாரிச்ச கடைசி கம்பெனியான ஜப்பானோட ஃபுனாய் 2016 ஜூலையோட நிறுத்திடுச்சு. சென்னை ஈரத்தில் டேப் பூஞ்சை பிடிக்கும். உங்க வீட்டுப் பரண்ல கேசட் இருந்தா இந்த ஞாயித்துக்கிழமையே இறக்குங்க. மாத்தி முடிச்சதும் சத்தம் வருதான்னு ஒரு தடவை கேட்டுட்டு, அப்புறம் கேசட்டையும் பத்திரமா வைங்க.

வர்ட்டா...