றம்பொடையில் உதித்த இராசம்மா

கலைக்குச் சாதி இல்லை, சமயம் இல்லை, மொழி இல்லை என்று மேடைதோறும் முழங்குகின்றோம். முழங்குவது எளிது. அதற்குச் சான்றாக ஒரு வாழ்க்கையை எடுத்துக் காட்டுக என்று எவரேனும் கேட்பாராயின், நம்மிற் பலர் கடல் கடந்து சென்று சென்னைப் பட்டணத்து நட்சத்திரங்களின் பெயர்களைத் தேடுவர். தேடி அலைய வேண்டுவதில்லை. நம் மலைநாட்டிலேயே பிறந்து, இந்நாடு முழுவதும் போற்றிய ஒரு கலைச்செல்வியின் சரித்திரம் நம் கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கின்றது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லுணுகலையிலிருந்து பேராதனைக்குப் படிக்கச் செல்லும் நாம், பசறை, பதுளை, வெலிமடை கடந்து நுவரெலியா வழியாகப் பஸ்ஸிற் போவதுண்டு. நுவரெலியாவை அடையுமுன் சீதா எலிய வருகின்றது. ஓடைக்கரையிலே சீதை அம்மன் கோயிலைக் கண்டதும் பஸ்ஸில் இருப்போர் கைகூப்புவர். நகரைத் தாண்டித் தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து வளைந்து இறங்கினால் றம்பொடை. ஒரு புறம் அருவி. மறுபுறம் சின்மயா மிஷனார் எழுப்பிய அனுமார் ஆலயம். சீதையின் பெயரும் அனுமாரின் பெயரும் மணக்கும் அந்த மலைப்பாதையிலே, றம்பொடையில், 1923ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15ஆம் நாள் ஒரு பெண்குழந்தை பிறந்தது. டெய்சி இராசம்மா டானியல்ஸ் என்பது பெற்றோர் இட்ட பெயர். பிற்காலத்தில் ருக்மணிதேவி எனப் புகழ்பெற்று, இலங்கையின் குயில் என்று சிங்கள மக்களால் கொண்டாடப்பட்டவர் இவரே. சிங்களப் பேசும்படத்தின் முதற் கதாநாயகியும் இவரே.

அந்தப் பாதையிற் பல தடவை போய்வந்த நாமே இச்செய்தியை வெகுகாலம் அறியாதிருந்தோம். வெட்கத்துடனேயே இதனை ஒப்புக்கொள்கின்றோம்.

குடும்பமும் குலமும்

தந்தையார் டானியல்ஸ் தோட்டத் துறையில் வேலை பார்த்தவர். தாயார் ஹெலன் ரோஸ் சிறுவர்க்குக் கல்வி கற்பித்தவர். கொழும்புச் செட்டி வம்சத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம் அது. கொழும்புச் செட்டிகள் எனப்படுவோர் தென்னிந்தியாவிலிருந்து வணிகத்தின்பொருட்டு இங்கு வந்து, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிலே கொழும்பைத் தமது இருப்பிடமாக்கிக் கொண்டவர்கள். அவர்களுட் பலர் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினர். ஆயினும் இராசம்மா என்ற பெயரிலே தமிழ் நிலைத்து நின்றது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இராசம்மா லயத்தில் பிறந்த குழந்தையல்லள். கொழுந்துக் கூடையைச் சுமந்த தாயின் மகளுமல்லள். தோட்டத்திலே லயத்துக்கும் உத்தியோகத்தர் வீட்டுக்கும் இடையிலே எவ்வளவு தூரம் இருந்தது என்பதை நம் பாட்டன்மார் நன்கு அறிவர். அந்தத் தூரத்தை மறைத்து, “நம்மவள், தோட்டத்துப் பெண்” என்று பெருமை பேசுவது சரித்திரமாகாது. எனினும் இந்த மலைகளே அவருக்கு முதல் தொட்டில். இந்த அளவிலே, இந்த உண்மையோடு, அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடலாம்.

பின்னர் குடும்பம் கொழும்பு சென்றது. வெள்ளவத்தையிலுள்ள புனித கிளேயர் கல்லூரியில் அவர் கல்வி பயின்றார். சிறு பிராயத்திலேயே கிறிஸ்மஸ் நாடகத்தில் நடித்தார். மிஷன் பாடசாலையிற் கற்ற நம் போன்ற சைவப் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி புதிதன்று. நெற்றியிலே திருநீறு அழியாமல், தலையிலே முக்காடிட்டு, மார்கழிக் குளிரில் இடையர் வேடம் தாங்கி நின்றவர்கள் நாம். வேற்றுச் சமயத்தின் கதையை மனமாற நடித்ததால் நம் சமயம் குறைந்துவிடவில்லை. கிறிஸ்தவப் பெண்ணாகிய இராசம்மாவுக்கோ அந்த அநுபவம் மறுதிசையிலே வாய்த்தது.

சீதையாக வந்த கிறிஸ்தவப் பெண்

அக்காலத்து மேடையின் நிலையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். நம் தோட்டங்களிலே மாசி மாதத்திற் காமன் கூத்து ஆடுவர். மன்மதனும் ரதியும் வீடுவீடாக ஆடி வருவர். அந்த ரதி யார்? சேலை கட்டிய ஓர் ஆண்மகன். அருச்சுனன் தபசிலும் பொன்னர் சங்கரிலும் பெண்பாத்திரங்களை ஆண்களே தாங்கினர். நகரத்துச் சிங்கள நாடகமேடை இதனின்று வேறுபட்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் பாட்டும் பகட்டும் இங்கே ‘நூர்த்தி’ என்ற நாடக வகையைத் தோற்றுவித்தன. 1911இல் திறக்கப்பட்ட மருதானை டவர் மண்டபத்திலே அன்னி பொத்தேஜு, லக்ஷ்மிபாய் முதலிய பெண்மணிகள் துணிந்து மேடையேறினர். அவர்களை இரசித்த கூட்டமே அவர்களைத் தூற்றவும் செய்தது. கௌரவமான குடும்பத்துப் பெண் கூத்தாடலாமா என்பதே அன்றைய கேள்வி.

அந்தச் சூழ்நிலையிலே, 1936இல், பதின்மூன்று வயதுச் சிறுமி இராசம்மா ‘இராமாயணய’ என்ற சிங்கள நாடகத்திற் சீதையாக நடித்தாள். சீதா எலியவுக்கு இத்துணை அண்மையிற் பிறந்தவள் சீதையாகவே மேடையிலே தோன்றியது என்னே பொருத்தம்! அவருக்கு வாய்த்த மேடைப் பெயரோ கண்ணபிரானின் தேவியாகிய ருக்மணியின் பெயர். பின்னர் 1930களின் இறுதியிலே எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் சேர்ந்து அவர் பாடிய முதல் இசைத்தட்டு புத்தகயை விகாரையைப் போற்றும் பாடலாகும். கிறிஸ்தவப் பெண், இந்து தெய்வத்தின் பெயர், பௌத்த பக்திப் பாடல், தமிழ்க் குடும்பம், சிங்கள மொழி: இவை அனைத்தும் ஒரே கண்டத்தில் ஒன்றுகூடின. கேட்டவர் எவரும் பாடியவளின் குலத்தை விசாரிக்கவில்லை.

நீர்கொழும்பிலிருந்து மதுரைக்கு

நீர்கொழும்பைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன என்பவர் மினர்வா நாடகக் குழுவை நடத்தி வந்தார். ருக்மணிதேவி அதில் இணைந்தார். ஜயமான்னவின் தம்பி எடி ஜயமான்ன சிறந்த நகைச்சுவை நடிகர். எடியும் ருக்மணியும் காதலித்து 1943இல் மணம் செய்து கொண்டனர். அன்று தொட்டு அவருடைய குடும்ப வாழ்வும் கலை வாழ்வும் ஒன்றாயின. மைத்துனர் கதை எழுத, கணவர் சிரிக்கவைக்க, இவர் பாடி நடிக்க, குடும்பமே ஒரு நாடக சபையாயிற்று.

மினர்வாவின் பெயர்பெற்ற நாடகம் ‘கடவுனு பொறொந்துவ’. ‘முறிந்த வாக்குறுதி’ என்பது பொருள். இதனைப் பேசும்படமாக்க முன்வந்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். இலங்கையில் அப்போது படப்பிடிப்புக்கு ஏற்ற ஸ்டூடியோ இல்லை. ஆகவே சிங்கள நடிகர் குழாம் கடல் கடந்து மதுரைக்குப் போயிற்று. அங்கே நாயகத்தின் சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவிற் படம் பிடிக்கப்பட்டது. இயக்கியவர் ஜோதிஷ் சின்ஹா என்ற வங்காளி; இசையமைத்தவர் நாராயண ஐயர். 1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி படமாளிகையிலே அது திரையிடப்பட்டது. இலங்கைத் திரையிலே சிங்களம் முதன்முதலாகப் பேசியது. கதாநாயகியின் குரல் நம் இராசம்மாவின் குரல்.

சிங்கள சினிமா பிறந்த தொட்டிலை ஆட்டிய கைகள் எத்தனை இனத்தவருடையவை என்பதை எண்ணிப் பாருங்கள். நாயகம் பின்னர் கந்தானையிலே ஸ்ரீ முருகன் நவகலா என்ற பெயரில் ஸ்டூடியோ ஒன்றை நிறுவினார். சிங்களப் படம் எடுக்கும் கூடத்துக்கு முருகன் பெயர்! சேலத்திற் பிறந்த முகைதீன் பேக் என்ற முஸ்லிம் பாடகர் பௌத்த பக்திப் பாடல்களாற் புகழ்பெற்றதும் இந்தக் காலத்திலேயே.

சட்டம் கீறிய கோடு

1948இல் ருக்மணிதேவி நடித்த ‘கபட்டி ஆரக்ஷகய’, ‘வெறதுனு குருமானம’ என்ற இரு படங்கள் வெளிவந்தன. அதே ஆண்டு இந்நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் இறுதியிலே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம் முன்னோர், ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர், நாடற்றவராயினர். இக்கொடுமையை நம் மூத்தோருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவர்களே அதன் சாட்சிகள், அல்லது சாட்சிகளின் பிள்ளைகள். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறிய உறவுகளை நினைத்து இன்றும் அழும் வீடுகள் நம் தோட்டங்களில் உண்டு.

மலைநாட்டில் பிறந்த ஒரு தமிழ்ப்பெண்ணின் பாட்டுக்கு நாடு செவிசாய்த்த அதே காலத்தில், அம்மலைநாட்டுத் தமிழரின் குரலுக்குப் பாராளுமன்றத்தின் கதவு அடைபட்டது. இரண்டும் ஒரே நாட்டிலே நிகழ்ந்தன. பாட்டைக் கேட்டவர்மேல் நாம் குறைகூறவில்லை. கலை திறந்த கதவை அரசியலும் திறக்கும் என்று நம்பி வாளாவிருத்தல் ஆகாது என்பதே இங்கு நாம் கற்கவேண்டிய பாடம்.

இறங்குமுகம்

புகழ் நிலையானதன்று. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ என்ற படத்தை ஸ்டூடியோவுக்கு வெளியே, கிராமத்திலே எடுத்தார். தென்னிந்திய ஸ்டூடியோக்களிலே எடுத்த நாடகப்பாங்கான படங்கள் சிங்கள வாழ்வைக் காட்டவில்லை என்ற கண்டனம் எழுந்தது. அக்கண்டனத்தில் நியாயமும் இருந்தது. ஆயினும் அந்தப் படங்களோடு வளர்ந்த கலைஞரின் நிலை யாது? இரசிகரின் சுவை மாறிற்று, புதுமுகங்கள் வந்தன. ருக்மணிதேவி கதாநாயகி நிலையிலிருந்து மெல்ல மெல்ல விலகினார்.

எனினும் குரல் அவரைக் கைவிடவில்லை. 1970களிலே கிளாரன்ஸ் விஜேவர்தன என்ற இளம் இசைஞர் அவருக்காகப் பாடல் அமைத்துக் கொடுத்தார். மூத்த குயில் மீண்டும் கூவிற்று. இந்தக் கிளாரன்ஸ் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் ஊவாவைச் சேர்ந்த அப்புத்தளை! றம்பொடையிற் பிறந்தவரின் பிற்காலப் புகழுக்கு அப்புத்தளையிற் பிறந்தவர் துணைநின்றார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

ஐம்பது வயதைக் கடந்தும் அவர் ஊரூராகச் சென்று இன்னிசை நிகழ்ச்சிகளிற் பாடினார். 1978ஆம் ஆண்டு ஒக்டோபரில் மாத்தறையிலே பாடிவிட்டு நீர்கொழும்புக்குத் திரும்பும் வழியில், ஜா-எலவை அடுத்த துடெல்லவிலே அவர் சென்ற வாகனம் விபத்துக்குள்ளாயிற்று. 28ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அகவை ஐம்பத்தைந்து. இனபேதமின்றி மக்கள் கண்ணீர் வடித்தனர்.

அதன்பின் ஐந்து ஆண்டுகளே கழிந்தன. 1983 யூலையிலே இனவெறி தலைவிரித்தாடியது. சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் என்ற தமிழர் கொல்லப்பட்டார். சிங்களப் படங்கள் பல தயாரித்த கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. தொட்டிலாட்டிய கைகளுக்கு நேர்ந்த கதி இது. அதனைக் காணாமலே இராசம்மா கண்மூடினார்.

நாம் செய்யவேண்டுவது

அன்பார்ந்த சங்க உறுப்பினர்களே! இச்சரித்திரத்தைப் படித்துப் பெருமூச்செறிந்து மலரை மூடிவைப்பதால் பயனில்லை. றம்பொடையைக் கடக்கும்போது அருவியைப் படமெடுக்கும் நம் இளைஞர், இராசம்மாவின் பெயரையும் ஒருகணம் நினைக்கட்டும். நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இக்கதையைக் கூறட்டும்.

இன்னொரு வேண்டுகோள் உண்டு. இதனைப் பெரியோர்முன் பணிவுடன் வைக்கின்றோம். நவராத்திரி விழாவிலே நம் தங்கையர் பாடும்போது கைதட்டுகின்றோம். அவர்களே வயதுக்கு வந்தபின் நாடகத்தில் நடிக்க விரும்பினால் முகஞ்சுளிக்கின்றோம். 1936இல் கொழும்பிலே எழுந்த அதே கேள்வி இன்றும் நம் தோட்டங்களிலே எழுகின்றது. இராசம்மாவின் பெற்றோர் அன்று பதின்மூன்று வயது மகளைச் சீதையாக நிற்க விடாதிருந்தால், இந்நாடு ஒரு குயிலை இழந்திருக்கும். லுணுகலையைச் சூழ்ந்த தோட்டங்களின் லயக் காம்பராக்களிலே எத்தனை குயில்கள் இன்னும் வாய்மூடி இருக்கின்றனவோ, யாரறிவார்? உத்தியோகத்தர் வீட்டுப் பெண்ணுக்கு அன்று திறந்த வழி, லயத்துப் பெண்ணுக்கு இன்றேனும் திறக்கட்டும். நமது சங்கத்தின் அடுத்த நாடகத்திலே சீதையாக ஒரு பெண்ணே வரட்டும். முன்வரிசையில் அவளுடைய தாயும் தந்தையும் அமர்ந்திருக்கட்டும்.

வாழ்க கலை! வளர்க நம் மலையகம்!