முயல் கூண்டு வாங்கப் போறீங்களா? முதல்ல தரையைப் பாருங்க!

கடையில் முயல் கூண்டு கேட்டால், அடியில் கம்பி வலை, அதற்குக் கீழே இழுத்து எடுக்கும் தட்டு உள்ள கூண்டைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். "புழுக்கை எல்லாம் தானா கீழே விழுந்துடும், தட்டைக் கழுவினா போதும்" என்பார்கள். கழுவ வசதிதான். ஆனால் அதில் அவதிப்படுவது முயலின் கால்.

நாய், பூனைக்கு இருப்பது போல முயலின் பாதத்தில் மெத்தென்ற சதைத் திட்டு கிடையாது. வெறும் முடிதான். கம்பி மேலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் பின்னங்காலில் முடி உதிர்ந்து, தோல் சிவந்து புண்ணாகும். கவனிக்காமல் விட்டால் சீழ் பிடித்து எலும்பு வரை போய்விடும். எடை கூடிய முயலுக்கும், நகம் வெட்டாத முயலுக்கும் ஆபத்து அதிகம். நிறைய முயல்களை அடுக்கி வளர்க்கும் பண்ணைக்கு ஏற்ற அமைப்பு இது. வீட்டில் ஒன்றிரண்டு வளர்ப்பவர்களுக்கு இது தேவையே இல்லை.

அப்போ சுத்தம்?

முயல் பொதுவாக ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. கெட்டியான, சமமான தரையில் துவைக்கக்கூடிய பருத்தி விரிப்பு அல்லது சாயம் போடாத கோரைப்பாய் போடுங்க. அந்த மூலையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அடியில் செய்தித்தாள், மேலே காய்ந்த புல். புல்லைத் தின்றுகொண்டே புழுக்கை போடுவது முயலின் இயல்பு என்பதால் தட்டைத் தேடி அதுவே வரும். கருத்தடை செய்த முயல் இன்னும் சீக்கிரம் பழகும். தண்ணீர் பட்டால் கட்டியாகும் பூனை மணல் மட்டும் வேண்டாம். முயல் அதைத் தின்றுவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும்.

தட்டில் படியும் வெள்ளைக் கறை, சிறுநீரில் வெளியேறும் கால்சியம். தேய்த்தால் போகாது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து கால் மணி நேரம் ஊற வைத்தால் கரைந்துவிடும். பினாயிலை தவிர்த்திடுங்க. மரக்கூண்டு பார்க்க அழகு, ஆனால் சிறுநீரை உறிஞ்சிக்கொண்டு நாற்றம் நிற்கும்.

தினமும் தட்டை மாற்றச் சொல்வது நாற்றத்துக்காக மட்டுமல்ல. மழைக்காலத்தில் ஈரமும் அழுக்கும் படிந்த முடியில் ஈ முட்டையிடும். ஒரே நாளில் புழு வெளிவந்து முயலின் சதையைத் தின்னத் தொடங்கும். உயிரே போகலாம்.

எவ்வளவு இடம், எங்கே?

பிரிட்டனின் முயல் நல அமைப்பு ஒரு ஜோடிக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. நம்ம ஊர் அபார்ட்மென்ட்டில் இது ஒரு சின்ன அறை! கூண்டோடு மடக்கு வேலியைச் சேர்த்தால் ஓரளவு சமாளிக்கலாம். கூண்டின் கதவு, உங்கள் கை எல்லா மூலைக்கும் போகும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.

மொட்டை மாடி, தகரக் கூரை வேண்டவே வேண்டாம். முயலால் வியர்வை மூலம் உடல் சூட்டைத் தணிக்க முடியாது. 30 டிகிரி தாண்டினாலே திணறும். சென்னை மே மாதத்தில் வீட்டுக்குள், ஃபேன் காற்று வரும் நிழலான இடம்தான் சரி. உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைத்தால் அதில் சாய்ந்துகொள்ளும்.

தட்டை மாற்றும்போது புழுக்கையையும் பாருங்க. அளவு சிறுத்தாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ குடல் வேலை மந்தமாகிறது என்று பொருள். 12 மணி நேரம் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோயிடுங்க.