சென்னைக் கோட்டை நூதனசாலையும் போர்வரலாறும்

ஒரு நாட்டின் வரலாறு ஏட்டிலே மாத்திரம் எழுதப்படுவதன்று. இரும்பிலும் வெண்கலத்திலும் சலவைக்கல்லிலும் அது பொறிக்கப்பட்டுக் கிடக்கின்றது. ஏட்டைப் படித்தற்கு எழுத்தறிவு வேண்டியவாறே, படைக்கலங்களைப் படித்தற்கும் ஒரு தனிப்பயிற்சி வேண்டும். அப்பயிற்சிக்குத் தக்க இடங்களுள் ஒன்று, சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையினுள்ளே 1948 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நூதனசாலையாகும். இந்தியத் தொல்பொருளாய்வுத் திணைக்களம் அதனைப் பராமரித்து வருகின்றது.

நூதனசாலை அமைந்துள்ள கட்டடமே ஒரு வரலாற்றுச் சான்று. 1795 இல் கட்டி முடிக்கப்பட்ட இது, முதற்கண் வணிகர் கூடிப் பண்டங்களை விலைபேசும் மண்டபமாகவே விளங்கியது. 1796 முதல் 1844 வரை இதன் உச்சியிலே நகரின் வெளிச்சவீடு நின்றது. பின்னர்ப் படை அதிகாரிகளின் உணவுச்சாலையாகவும் இது பயன்பட்டது. வணிகமும் கடலும் படையும் ஒரு கூரையின்கீழ் இருந்தமை தற்செயலன்று. கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆட்சி அம்மூன்றன் சேர்க்கையாலேயே வளர்ந்தது.

உள்ளே வாள்களும் குத்துவாள்களும் துப்பாக்கிகளும் பீரங்கிக் குண்டுகளும் சீருடைகளும் பதக்கங்களும் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் காண்போர் 1746 ஆம் ஆண்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவ்வாண்டிலே லபூர்தொனேயின் தலைமையில் வந்த பிரெஞ்சுப்படை இக்கோட்டையைக் கைப்பற்றியது. அதனை மீட்க வந்த ஆர்க்காட்டு நவாபின் மைந்தர் மாபூஸ்கானின் பெருஞ்சேனை, அடையாற்றங்கரையிலே ஏறக்குறைய ஆயிரவரே கொண்ட பிரெஞ்சு அணியினால் முறியடிக்கப்பட்டது. எண்ணிக்கையை ஒழுங்கு வென்றது. நிரைநிரையாக நின்று இடைவிடாது சுடும் பயிற்சி குதிரைப்படையின் வேகத்தை அடக்கிவிட்டது. 1749 இல் கோட்டை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், அவர்களும் இப்பாடத்தையே கற்றுச் சுதேசிகளைச் சிப்பாய்களாகப் பயிற்றலாயினர். 1758 டிசெம்பர் முதல் 1759 பெப்ருவரி வரை லாலி இக்கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று பிரெஞ்சுப்படையை அலைக்கழித்தவர்களுள் இராமநாதபுரச் சீமையிற் பிறந்த யூசுப்கான் ஒருவர். அவரையே 1764 இல் மதுரையிலே தூக்கிலிட்டனர்.

நூதனசாலையிலே எவரது கண்ணையும் ஈர்ப்பது, தொமஸ் பாங்க்ஸ் என்னுஞ் சிற்பி செதுக்கிய கோண்வாலிஸ் பிரபுவின் சிலை. அதன் பீடத்திலே, 1792 ஆம் ஆண்டுச் சீரங்கபட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானின் இளம்புதல்வர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்படுங் காட்சி புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. சிற்பி அதனை வெற்றியாளரின் பெருந்தன்மையாகக் காட்டினார். ஆயின், பாதி இராச்சியத்தையும் மூன்று கோடிக்கு மேற்பட்ட பணத்தையும் இழந்த ஒரு தந்தை, பெற்ற பிள்ளைகளையும் பிரிந்த துயரம் அச்சலவைக்கல்லில் இல்லை. 1781 இல் அமெரிக்காவின் யோர்க்டவுனிலே சரணடைந்தவரும் இக்கோண்வாலிசே என்பதையும் சிலை கூறாது.

1914 செப்டெம்பர் 22 ஆம் நாளிரவு எம்டன் என்னும் ஜேர்மன் கப்பல் சென்னைமீது வீசிய குண்டொன்றின் சிதறலும் இங்கே உண்டு. எண்ணெய்த் தாங்கிகள் தீப்பற்றின. மக்கள் நகரைவிட்டு ஓடினர். கப்பல் அதே ஆண்டு நவெம்பரிலே அழிந்தொழிந்தது. அதன் பெயரோ சூழ்ச்சியும் துணிவும் உடையோனைக் குறிக்குஞ் சொல்லாகத் தமிழ்ப் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது. போரின் எச்சம் மொழியிலும் தங்கும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இலங்கையருக்கு இந்நூதனசாலை அயலார் பொருளன்று. இக்கட்டடம் நிறைவெய்திய அதே 1795 இல், கேணல் ஸ்ருவாட்டின் தலைமையிலே சென்னையிலிருந்து புறப்பட்ட படை ஓகஸ்ட் மாதத்தில் திருகோணமலையையும், செப்டெம்பர் 28 இல் யாழ்ப்பாணக் கோட்டையையும் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியது. 1796 பெப்ருவரியிலே கொழும்பும் வீழ்ந்தது. பின்னர்ச் சென்னையிலிருந்து வந்த வரியதிகாரிகளின் கொடுமையும், தென்னைமரங்களுக்கு விதித்த வரியும் 1797 இல் மக்களைக் கிளர்ந்தெழச் செய்தன. 1798 இல் பிரெடெரிக் நோர்த் தேசாதிபதியாக வந்திறங்கும்வரை கரையோர இலங்கையின் விதி இக்கோட்டையிலேயே எழுதப்பட்டது.

அப்படையிலே நடந்துவந்தோருட் பலர் சென்னைச் சிப்பாய்கள். இப்போருக்கெனக் கொம்பனி வழங்கிய பதக்கமோ வங்காளப் பீரங்கிப்படையினருக்கே உரியதாயிற்று. சென்னைச் சிப்பாய்கள் அதனைப் பெற்றிலர். பதக்கப் பேழையை நோக்குவோர் அங்கு உள்ளதை மட்டுமன்றி இல்லாததையும் நோக்குதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். 1806 ஜூலை 10 ஆம் நாள் வேலூரிலே சிப்பாய்கள் கிளர்ந்தமைக்குக் காரணம் புதிய தலைப்பாகையும், சமயக்குறி அணியலாகாது என்ற கட்டளையுமே. எனவே, கண்ணாடிக்குள் அழகாகத் தோன்றுஞ் சீருடையும் ஒரு காலத்தில் மானத்தின்மேல் இடப்பட்ட சுமையாக இருந்தது என்க.

அரும்பொருள்களைச் சேர்த்து வைத்தோர் பெரும்பாலும் வென்றோரே. தோற்றோரின் குரலையும் சாமானியரின் குரலையும் வேறிடங்களிலே தேடுதல் வரலாற்று மாணவனின் கடன். 1746 ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைப் புதுச்சேரியிலிருந்து தமிழில் நாள்தோறும் குறித்துவைத்த ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு அத்தகைய ஒன்று. ஒரு வாளைக் காணுமிடத்து, இதனை ஏந்தியவன் யார், இது யார்மீது வீசப்பட்டது, இதற்குரிய கூலியைக் கொடுத்தவன் யார் என்னும் மூன்று வினாக்களையும் ஒருசேர எழுப்பும் மாணவனுக்கே நூதனசாலை பள்ளிக்கூடமாகும். ஏனையோர்க்கு அது வெறுங் காட்சிச்சாலையே.