பகு எண், பகா எண்

ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் முழு எண் அதன் காரணி. அந்தக் காரணிக்கு முதல் எண் மடங்கு. ஒன்றைவிடப் பெரிய எண்ணுக்கு ஒன்றும் தானும் மட்டுமே காரணிகளாக இருந்தால் அது பகா எண். பகா எண்களுக்கு முடிவில்லை என்று கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் நிறுவினார். தமிழ்நாட்டில் காரணிகளின் கதையை நிலக்கணக்கிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் இராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள் உள்ளன. சோழ நாட்டில் நில அளவுக்குத் தலையான அலகு வேலி. அதில் இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, 320-இல் ஒன்று முந்திரி. முந்திரியை மறுபடி 320 ஆகப் பிரித்தால் கீழ் முந்திரி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இந்தக் கணக்கு ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை இறங்குகிறது. ஒரு கடுகு வைக்கக்கூட இடம் போதாத நிலம்! அதை யாரும் கோல் போட்டு அளந்திருக்க முடியாது. பிசகில்லாமல் வகுத்துக்கொண்டே போன கணக்கரின் பிடிவாதம்தான் அது.

அந்தப் பேரெண்ணைக் காரணிப்படுத்தினால் 24 இரண்டுகளும் 5 ஐந்துகளும் வரும். மூன்று ஒன்றுகூட வராது. 320-உம் அப்படித்தான்: ஆறு இரண்டு, ஓர் ஐந்து. பாதி, கால், அரைக்கால், மாகாணி, நாலுமா எல்லாம் இதில் சுத்தமாக விழும். மூன்று பங்காளிகள் வந்து நின்றால்தான் சங்கடம். கால் (80 முந்திரி), மாகாணி (20), காணி (4), அரைக்காணி (2) என்று கூட்டி ஆளுக்கு 106 முந்திரி கொடுத்தபின் இரண்டு முந்திரி மிஞ்சும். அதைக் கீழ் முந்திரியாக மாற்றிப் பிரித்தாலும் ஒன்று மிஞ்சும். எத்தனை படி இறங்கினாலும் தீராது. நெல் அளவையில் இந்தத் தொல்லை இல்லை. எட்டுப் படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். கலத்துக்கு 96 படி என்பதால் மூவருக்கும் 32 படி.

320-இன் இந்தக் குறையை விளக்கும் விதியைச் சீனிவாச இராமானுஜன் 1915-இல் தந்தார், நிலக்கணக்கு எதையும் நினைக்காமலே. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிகக் காரணிகள் உள்ளதை அவர் மிகு பகு எண் என்றார்: 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120... அத்தகைய எண்ணில் 2, 3, 5 எனப் பகா எண்கள் இடைவிடாமல் வரவேண்டும். அடுக்குகள் ஏறாமல் இறங்கியோ சமமாகவோ செல்லவேண்டும். 320 மூன்றைத் தாண்டிக் குதிக்கிறது. அதற்கு 14 காரணிகள். அதைவிடச் சிறிய 240-க்கோ 20. இலண்டன் கணிதக் கழக இதழில் 63 பக்கம் வந்த இந்த ஆய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது. கையால் போட்ட அட்டவணை 6,74,632 கோடியைத் தாண்டிப் போகிறது. நடுவில் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 மட்டும் விட்டுப்போயிற்று. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் அச்சேறாத மிச்சப் பகுதி 1997-இல்தான் வெளிவந்தது.

குற்றாலம் அருகே வல்லத்தில் 1901-இல் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சு. சி. பிள்ளை (சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை) பொதுக் காரணிகளைத் துருவினார். அடுத்தடுத்த எண்கள் பதினாறுக்கு மேற்படாவிட்டால், மற்ற எதனோடும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது அவற்றில் இருக்கும் என்று காட்டினார். பதினேழில் இது உடைகிறது: 2184 முதல் 2200 வரை ஒவ்வொன்றுக்கும் கூட்டாளி உண்டு. 13-ஐ மும்முறை பெருக்கி வரும் 2197-க்கும் 2184 துணை. பிள்ளை 1950-இல் அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார்.

ஓர் எண் பகா எண்ணா என்பதை ஊகமின்றி, கட்டுக்கடங்கிய நேரத்தில் சொல்லும் முறையைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா 2002-இல் கண்டனர்.

மணிமங்கலத்தைச் சுற்றி இன்று வாகனத் தொழிற்சாலைகள். கியர் வடிவமைப்பில் பொதுக் காரணியின் கணக்கு இன்னும் நடக்கிறது. 12 பல்லும் 36 பல்லும் கோத்தால் சிறிய சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் பெரியதன் அதே மூன்று பற்களையே தேய்க்கும். 13-உம் 36-உம் என்றால் பொதுக் காரணி இல்லை. சிறியது 36 சுற்று முடிப்பதற்குள் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் சந்தித்துவிடும்.